மைனஸ் ஒன்று

வரோனெஷ். பிப்ரவரி. செயற்கை ரப்பர் ஆலையின்
மூன்றாம் உலைக்கு இரண்டு குணம்தான் தெரியும்:
அறுபது டிகிரியில் சோம்பிக் கிடக்கும்,
இல்லையென்றால் நூற்று நாற்பதில் கொதித்தபடி வேலை செய்யும்.
இடையில் நிறுத்திக் காட்டியவன் எவனும் இல்லை.
எட்டு வருடம் இரவுப் பணி பார்த்தவன் சொல்கிறேன்.

சமன்பாடுகளை ஒரு கோப்பில் கட்டி
பல்கலைக்கழகத்துக்கு என்னையே தபால்காரனாக அனுப்பினார்கள்.
நான்காம் மாடி. கிளாஃபிரா நிக்கோலாயெவ்னா
காலணியைக் கழற்றிவிட்டு வெந்நீர்க் குழாயில்
பாதங்களை ஒட்டவைத்து உட்கார்ந்திருந்தார்.
மேசைக்கடியில் ஒரு நாய். பெயர் புகோவ்கா,
அதாவது பொத்தான்.

தாள்களைப் புரட்டினார். உள்ளே போகவே இல்லை.
ஓரத்தை மட்டும் பார்த்தார்,
பானை வாங்க வந்தவள் விளிம்பைத் தட்டிப் பார்ப்பதுபோல.
"கடுங்குளிரில் கணக்கு இந்தப் பக்கம் சாய்கிறது,
கடுஞ்சூட்டில் அந்தப் பக்கம். ஓரத்தில் எங்கும் பூஜ்யம் இல்லை.
அப்படியானால் படி ஒன்று."

ஏறுகிற படியுமில்லை, தானியம் அளக்கிற படியுமில்லை.
என்ன படி என்று கேட்டேன்.
கோட்டை மாட்டிக்கொண்டு, "வாருங்கள்" என்றார்.

பூங்காவில் நீரூற்று உறைந்து கிடந்தது.
நாயைக் கயிற்றில் பிடித்து அதை ஒருமுறை சுற்றினார்.
பொத்தான் சும்மா வருமா? காக்கையைத் துரத்தியது,
வந்த வழியே ஓடியது, ஒரு பெஞ்சை மூன்று தரம் முகர்ந்தது,
என் கால்சட்டையில் சிக்கி அவிழ்ந்தது.
பனியில் அதன் தடம் குடிகாரன் கையெழுத்து.
"நாய் ஊற்றை எத்தனை முறை சுற்றியது?"
எண்ண முயன்றேன்.
"தடத்தை எண்ணாதீர்கள். கயிற்றைப் பாருங்கள்.
எனக்கும் ஊற்றின் நடுவுக்கும் உள்ள தூரத்தைவிட
அது எப்போதும் குட்டை.
மெல்லச் சுருட்டி நாயை என் காலடிக்கு இழுங்கள்,
அதன் தடம் என் தடமாகிவிடும்,
நடுவை ஒருபோதும் மிதிக்காமல்.
ஆகவே ஒன்று."

கையுறைக்குள் ஊதிக்கொண்டார்.
"உங்கள் உலையும் நாய்தான். எப்படியும் ஓடட்டும்.
ஓரம் ஒன்று என்றால் உள்ளே கூட்டுத்தொகை ஒன்று.
சோம்பல் நிலை, ப்ளஸ் ஒன்று.
கொதிநிலை, ப்ளஸ் ஒன்று.
கணக்கு இடிக்கிறதே.
எங்கோ ஒரு மைனஸ் ஒன்று இருந்தாக வேண்டும்."
எங்கே?
"தெரியாது."
எத்தனை டிகிரியில்?
"படி அதைச் சொல்லாது. இருக்கிறது என்று மட்டும் சொல்லும்.
ஒவ்வொரு முறை உலையைப் பற்றவைக்கும்போதும்
அதைத் தாண்டித்தான் போகிறீர்கள்.
நிற்க முடியாத இடம்.
இல்லாத இடமல்ல."

திரும்பும் ட்ராமில் கோபம் வந்தது.
தொலைந்த சாவி வீட்டுக்குள்தான் இருக்கிறது என்று சொல்ல
ஒரு முனைவர் பட்டமா?
ஆனாலும் அன்றிலிருந்து முள் எழும்போதெல்லாம்
நடுவழியில் ஒரு கணம் தயங்குகிறதா என்று
பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

மார்ச் பதினேழு, இரவு. உதவிக்குத் தாமிர் மட்டும், புதுப் பையன்.
குளிர்நீர் வால்வு ஒரு கையில், நீராவி வால்வு மறு கையில்.
தொண்ணூற்றாறு. தொண்ணூற்றேழு. தொண்ணூற்றாறு.
சட்டை முதுகில் ஒட்டியது. தும்மல் வந்தது, தும்மவில்லை.
நான்கு நிமிடம் பத்து வினாடி.
பிறகு தாமிர் சிரித்துவிட்டான், எதற்கென்று தெரியவில்லை.
முள் மேலே சரிந்தது.

பதிவேட்டில் எழுதினேன்: தொண்ணூற்றாறரை, நின்றது.
காலையில் தலைமைப் பொறியாளர் சிவப்பு மையால் அடித்து
பக்கத்தில் எழுதினார்: கருவிக் கோளாறு.

பணி முடிந்து நேரே பூங்காவுக்குப் போனேன்.
ஊற்றில் பனி உருகி நடுவில் கருநீர் தெரிந்தது.
சொன்னேன், மூச்சு வாங்க, வினாடிக் கணக்கோடு.
கிளாஃபிரா நிக்கோலாயெவ்னா குனிந்து
பொத்தானின் பாதத்தில் அப்பிய சேற்றை வழித்துக்கொண்டே
"ஏன்," என்றார், "சந்தேகப்பட்டீர்களா?"